கல்லாவுக்கு அடியில் இருக்கும் கணினிக்கு யார் சாட்சி?

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை. தேன்குழலும் சீப்புச் சீடையும் வெளியூர்களுக்குப் பார்சலில் போகின்றன. பில் போடும் மென்பொருள் கல்லாவுக்கு அடியில் உள்ள சிறிய கணினியில் ஓடுகிறது. அன்றைய பில்களின் நகல் ஒவ்வொரு இரவும் அமேசான் கிளவுடின் எஸ்3 சேமிப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து நாட்களாகப் போகவில்லை என்று என்னை அழைத்தார்கள்.

கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, முகப்புத் திரையில் ‘சாவி புதியது’ என்ற பெயரில் இருந்த ஒரு கோப்பு. வாட்ஸ்அப்பில் வந்ததாம். “மென்பொருள் எழுதிய தம்பி அனுப்பியது அண்ணே. அவர் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்” என்றார் கடைக்காரர். சாவி என்றால் நிரல் தன்னை யார் என்று கிளவுடுக்குக் காட்டும் ரகசிய எழுத்துக்கோவை. உள்ளே இருந்தது அந்தக் கிளவுட் கணக்கின் தலைமைப் பயனர் சாவி, அதாவது ரூட் சாவி. பில் நகலை அனுப்ப மட்டுமல்ல, கணக்கையே காலி செய்யவும் அது போதும்.

தம்பியை நான் திட்டவில்லை. இந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்பது தெரிந்ததுதான். கிளவுடுக்கு உள்ளேயே ஓடும் சர்வருக்குச் சாவி தேவையில்லை. அதற்கு ஒரு ரோல், அதாவது என்னென்ன செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு, ஒட்டப்பட்டிருக்கும், 169.254.169.254 என்ற உள்முகவரியில் கேட்டால் சில மணி நேரமே செல்லுபடியாகும் தற்காலிகச் சான்று கிடைக்கும். சர்வரைக் கிளவுடே நடத்துவதால் கிளவுடே சாட்சி. அதே நிரலைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தால் அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லை. நிரல் நிற்கிறது, கடைக்காரர் அவசரப்படுத்துகிறார், நிரந்தரச் சாவி ஒன்றை ஒட்டி வேலையை முடித்துவிடுகிறோம்.

நிரந்தரச் சாவியை அடையாளம் காண்பது எளிது. அமேசானில் அதன் எண் ‘ஏகேஐஏ’ என்ற எழுத்துகளில் தொடங்கும். தற்காலிகமானது ‘ஏஎஸ்ஐஏ’ என்று தொடங்கும். கூகுளில் நிரந்தரச் சாவி என்பது சர்வீஸ் அக்கவுண்டுக்கான, அதாவது நிரல்கள் பயன்படுத்தும் கணக்குக்கான, ஜேசான் கோப்பு. நீங்களாகக் கெடு வைக்காவிட்டால் அது காலாவதி ஆவதே இல்லை. 2024 மே 3 முதல் தொடங்கப்படும் நிறுவனக் கணக்குகளில் இந்தச் சாவியை உருவாக்குவதையே கூகுள் முன்னிருப்பாகத் தடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தடையை நீக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்து உடனே நீக்கிவிடாதீர்கள்.

நிரலுக்குள் சாவியை எழுதி, நிரலின் எல்லாப் பதிப்புகளையும் காக்கும் கிட் களஞ்சியத்தில் ஏற்றி, பிறகு பதறி அந்த வரியை மட்டும் அழிப்பவர்கள் உண்டு. பழைய பதிப்பில் அது அப்படியே இருக்கும். வெளியே போன சாவி போனதுதான். உடனே செயலிழக்கச் செய்யுங்கள், கடை ஒரு மணி நேரம் நின்றாலும் பரவாயில்லை. கசியாத சாவியை வழக்கமாக மாற்றும்போது அவசரம் வேண்டாம். ஒரு பயனருக்கு 2 சாவிகள் வரை அமேசான் அனுமதிப்பது இதற்காகத்தான். புதியதைப் போட்டு, பழையதைச் செயலிழக்கச் செய்து, சில நாள் பார்த்துவிட்டு அழிக்கலாம்.

சாவியே இல்லாத வழியும் இருக்கிறது. ஃபெடரேஷன் என்று பெயர். செட்டிநாட்டில் அதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. நகரத்தார் திருமணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டும். மாப்பிள்ளை எந்தக் கோயில் பிரிவு என்பதைத் திருமண வீடு ஊர் ஊராக விசாரிப்பதில்லை. ஒன்பது கோயில்களில் அவருக்குரிய கோயில் மாலை அனுப்பினால் அதுவே சாட்சி. கிளவுடும் இப்படித்தான். வெளியே இருக்கும் ஒரு நம்பகமான அமைப்பு கையெழுத்திட்ட டோக்கனை, அதாவது அடையாளச் சீட்டை, கொடுக்கிறது; கிளவுட் அதைச் சரிபார்த்து, பொதுவாக ஒரு மணி நேரச் சான்றாக மாற்றித் தருகிறது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்டின் அஷூர் மூன்றிலும் இது உண்டு.

இங்கே நடக்கும் தவறு சாவியைத் தொலைப்பதைவிட ஆபத்தானது; வெளியே தெரியவும் தெரியாது. டோக்கனில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்கும்: எந்தக் கோயில் கொடுத்தது, யாருக்காகக் கொடுத்தது, எந்த வீட்டுத் திருமணத்துக்குக் கொடுத்தது. இஷ்யூயர், சப்ஜெக்ட், ஆடியன்ஸ். பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: களஞ்சியத்தில் உள்ள நிரலுக்கான வேலைகளைத் தானாக ஓட்டும் சேவை அது. பொதுத் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் டோக்கன் கொடுப்பவர் ஒருவரே. இஷ்யூயரை மட்டும் பார்த்துக் கதவைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒருவரின் களஞ்சியமும் பந்தியில் உட்கார்ந்துவிடும். ஆடியன்ஸைப் பார்ப்பதும் காப்பாற்றாது; டோக்கன் கேட்பவர் அதைத் தானே நிரப்பிக்கொள்ளலாம். சப்ஜெக்டில் உங்கள் அமைப்பு, களஞ்சியம், கிளை மூன்றையும் முழுதாக எழுதுங்கள். ‘எதுவானாலும் சரி’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைச் சோதனைக்காகப் போட்டிருந்தால், அது சோதனை முடிந்தும் அங்கேயே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பலகாரக் கடைக் கணினிக்கு மாலை அனுப்பக் கோயில் இல்லை. அமேசான் 2022இல் கொண்டுவந்த ‘ரோல்ஸ் எனிவேர்’ இதற்கு ஒரு வழி: கணினிக்கு எக்ஸ்.509 சான்றிதழ் என்ற டிஜிட்டல் அடையாள அட்டை ஒன்றைக் கொடுத்து, அதைக் காட்டித் தற்காலிகச் சான்று பெறலாம். காரைக்குடிக்குக் கொடுத்த சான்றிதழையே தேவகோட்டைக் கிளைக்கும் பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தால் பழைய கதைதான்; சான்றிதழின் ரகசியப் பாதியான தனிச்சாவி, ரகசியங்களை வெளியே விடாமல் காக்கும் டிபிஎம் சில்லுக்குள் இருப்பது நல்லது. சான்றிதழ் காலாவதியாகும் நாளைக் கல்லா மேலே தொங்கும் காலண்டரிலாவது குறித்துவையுங்கள்.

ஆனால் ஒரே ஒரு கடைக்காகச் சான்றிதழ் வழங்கும் அமைப்பையே நிறுவுவது, சீடை பொரிக்கக் கல்யாண அண்டாவை ஏற்றுவது போல. நான் செய்தது சமரசம்: தனிப் பயனர், அவருக்கு ஒரே அனுமதி, ஒரே கோப்புறையில் கோப்பு வைப்பது மட்டும். பட்டியலிட முடியாது, அழிக்க முடியாது. ஒரே பெயரில் மேலெழுத மட்டும் முடியும் என்பதால் சேமிப்பகத்தில் பதிப்பு காக்கும் வசதியை இயக்கிவைத்தேன். கடையின் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி என்று பூட்டலாமே எனக் கேட்பீர்கள். சாதாரண பிராட்பேண்டில் அந்த முகவரி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் மறுபடி என்னைத்தான் அழைப்பார்கள்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. எப்போதோ சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே, கணினியின் அமைப்பில் வைக்கும் மதிப்பு) வைத்த பழைய சாவியை அமேசானின் நிரல் நூலகங்கள் முதலில் எடுத்துக்கொள்ளும். புதிய ரோலைச் சரியாக அமைத்தும் பலன் இராது. நிரல் தொடங்கும்போது வாங்கிய ஒரு மணி நேரச் சான்றைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தால், காலையில் ஓடியது மதியம் நிற்கும். மொபைல் செயலிக்குள் சாவியைப் புதைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்வார்.

பத்து நாளாகப் பில் போகாததற்கு இவற்றில் எதுவும் காரணமில்லை. கணினியின் கடிகாரம் 40 நிமிடம் பின்தங்கியிருந்தது. ஒவ்வொரு கோரிக்கையிலும் அது கையெழுத்திடப்பட்ட நேரம் இருக்கும். எஸ்3 ஏற்கும் வித்தியாசம் 15 நிமிடம், அமேசானின் மற்ற சேவைகள் பெரும்பாலானவற்றில் 5 நிமிடம். மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரி வலுவிழந்திருந்தது, இணையத்தில் நேரம் பார்க்கும் வசதியையும் யாரோ அணைத்திருந்தார்கள். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற கடை அது. பிழைச் செய்தியில் நேர வித்தியாசம் என்றே எழுதியிருந்தது, யாரும் படிக்கவில்லை.

கடைக்காரர் பேட்டரி வாங்கி வருவதற்குள் புதிய சாவியை அமைத்தேன். நேரம் சரியானதும் பத்து நாள் பில்களும் வரிசையாக ஏறின. கடைசிக் கோப்பு போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகு, அவரையே கணக்கில் நுழையச் சொல்லி, ரூட் சாவியை அவர் கையாலேயே அழிக்கவைத்தேன்.