பழைய மின், குடிநீர் அலுவலகக் கட்டடத்தை மாற்றிக் கட்டும் முறை

மின்சாரமோ குடிநீரோ வழங்கும் நிறுவனம் தன் பழைய அலுவலகத்தை இடித்துப் புதிதாகக் கட்ட எண்ணும்போது, வரைபடம் போடுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் கட்டணம் செலுத்துவோரும், புதிய இணைப்புக்கு விண்ணப்பிப்போரும், நள்ளிரவில் பழுதைத் தெரிவிப்போரும் யாரை அணுகுவார்கள்? இது எழுத்தில் தெளிவாகாத வரை ஒப்பந்தப்புள்ளி கோரவே கூடாது.

அடுத்து, இடிக்கத்தான் வேண்டுமா என்பதைச் சோதித்து அறிய வேண்டும். பூச்சு பெயர்ந்திருப்பதையும் விரிசல்களையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து அதைக் குறைத்துக்கொண்டே வரும். புதிதாக உடைத்த பரப்பில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். இழந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத அந்தப் பகுதி கம்பி வரை எட்டியிருக்கிறதா என்பதையும், துளைத்தெடுத்த உருளை மாதிரிகளின் அழுத்த வலிமையையும் சேர்த்துப் பார்த்தே கட்டமைப்புப் பொறியாளர் கருத்துச் சொல்ல வேண்டும். தூண்களும் உத்திரங்களும் நலமாக இருந்தால், வலுப்படுத்திப் புதுப்பிப்பதே பல வேளைகளில் சிக்கனமானது.

இடிப்பது உறுதியானால், முதல் வேலை பதிவேடுகளைக் காப்பது. நிலத்தடிக் குழாய்களும் கேபிள்களும் எந்த வழியாகச் செல்கின்றன, எந்த வால்வு எதை அடைக்கும் என்பவை பழைய வரைபடங்களிலும், அவற்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய திருத்தங்களிலும், மூத்த களப்பணியாளர்களின் நினைவிலும்தான் பெரும்பாலும் இருக்கின்றன. ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து, அந்தப் பணியாளர்களை அருகில் அமர்த்தி ஒப்புநோக்கி, அதன் பிறகே அலமாரிகளை நகர்த்த வேண்டும். இடமாற்றத்தில் தொலைந்த வரைபடத்தை எந்தப் புதிய கட்டடமும் ஈடுசெய்யாது. இந்தப் பணிக்குத் தனியாக ஆளும் காலமும் ஒதுக்காமல், இருப்பவர்களே ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது மிகப் பெரிய அலட்சியம்.

கட்டுப்பாட்டு அறையையும் புகார் மையத்தையும் தற்காலிக இடத்தில் முழுமையாக நிறுவி, சில வாரங்களாவது பழையதோடு இணையாக இயக்கிப் பார்த்த பின்னரே பழையதை நிறுத்த வேண்டும். புகார் தொலைபேசி எண் மாறவே கூடாது.

இடிப்பதற்கு முன், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த கூரைத் தகடுகளும் குழாய் உறைகளும் உள்ளனவா என்று உரிமம் பெற்றவர்களைக் கொண்டு ஆய்வு செய்து, இருந்தால் தனியே அகற்ற வேண்டும். மின் அலுவலகமானால் பழைய மின்மாற்றி எண்ணெயையும் சோதிக்க வேண்டும். அதில் பாலிகுளோரினேற்ற பைபினைல்கள் என்னும் நச்சு வேதிப்பொருள்கள் இருக்கக்கூடும். அவை அடங்கிய கருவிகளை 2025-க்குள் பயன்பாட்டிலிருந்து நீக்கவும், அக்கழிவுகளை 2028-க்குள் பாதுகாப்பாக மேலாண்மை செய்யவும் 2001-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இலக்கு வைத்தது.

புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு ஊரே நம்பியிருக்கும் அலுவலகம் இது என்பதை வடிவமைப்பாளர் மறக்கக் கூடாது. சாதாரண அலுவலகத்துக்கு உரிய நிலநடுக்க விசையைவிடக் கூடுதலான விசைக்கு, பல நாட்டு விதிகளில் உள்ளபடி 1.5 முக்கியத்துவக் காரணியோடு (அதாவது விசையை 1.5 மடங்காக்கி), கணக்கிட வேண்டும். ஜெனரேட்டர், மின்கலத் தொகுதி, சர்வர் அறை ஆகியவற்றைத் தரைக்குக் கீழே வைக்கவே கூடாது. 2011-இல் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசரகால ஜெனரேட்டர்கள் பலவும் நிலவறைகளில் இருந்ததால் ஆழிப்பேரலை நீரில் செயலிழந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

மக்கள் வந்துபோகும் பகுதி தரைத்தளத்திலேயே அமையட்டும். சாய்தளத்தின் சரிவு 1:12-ஐ மீறாமலும், சக்கர நாற்காலி திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்ட அளவுக்கு இடம் இருக்குமாறும், ஒரு கவுண்டராவது அமர்ந்தபடி பேசும் உயரத்திலும் இருக்க வேண்டும். களப்பணியாளர்களுக்கு நனைந்த உடையை மாற்றவும் குளிக்கவும் இரவில் ஓய்வெடுக்கவும் அறைகள் தேவை. பரப்பளவைக் குறைக்க நேரும்போது முதலில் வெட்டப்படுவது இவையே என்பதால், திட்ட அறிக்கையிலேயே உறுதிசெய்துவிட வேண்டும்.

கட்டடத்தை ஏற்றுக்கொள்ளும் முன், முக்கிய மின்வழியைத் துண்டித்து, ஜெனரேட்டர் முழுச் சுமையையும் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய குறைநீக்கப் பொறுப்புக் காலம் குறைந்தது ஒரு முழு மழைக்காலத்தையாவது உள்ளடக்கியிருக்க வேண்டும்.