நவஹோ கம்பளம் வாங்கும் முன் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் வீட்டுக்கு நவஹோ பழங்குடியினர் நெய்யும் கம்பளம் வாங்கப் போனால் முதலில் டிசைனைப் பார்க்காதீர்கள், பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், முடிகிற இரண்டு முனைகளையும் பாருங்கள். அங்கே குஞ்சம் தொங்கினால் அது பெரும்பாலும் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் சாப்போடெக் பழங்குடி நெசவாளர்கள் நெய்தது.

நவஹோ பெண்கள் நிமிர்ந்து நிற்கும் தறியில் அறுக்காத ஒரே நூலை மேலும் கீழும் சுற்றிப் பாவு போடுவார்கள். அதனால் நெய்து முடித்தபின் வெட்ட வேண்டிய முனையே இருக்காது. சாப்போடெக் நெசவு ஸ்பானியர்கள் கொண்டுவந்த மிதி தறியில், அங்கே பாவை அறுத்துத்தான் கம்பளத்தை எடுக்க முடியும், அறுத்த நுனிதான் குஞ்சமாகத் தொங்குகிறது. சில பேர் அதை உள்ளே செருகி மறைத்துவிடுவார்கள், ஆனால் முனையை விரலால் அழுத்தி நகர்த்தினால் அந்த ஓரம் மட்டும் கொஞ்சம் தடிப்பாகத் தட்டுப்படும்.

விலை வித்தியாசம் பல மடங்கு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். மற்றபடி சாப்போடெக் கம்பளமும் நல்ல கைவேலைதான், தரையில் போட்டு நடக்க எனக்கு அதுவே போதும், அதன் விலைக்குக் கிடைத்தால் சரி.

பழைய சரக்குக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன்டவுன் எனும் ஆலைக் கம்பளி நூலில் நெய்த நவஹோ கம்பளங்கள் பலவற்றில் குஞ்சத்தைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள், கேலப் த்ரோ எனும் சின்ன விரிப்புகளிலும் ஒரு முனையில் குஞ்சம் உண்டு.