இரட்சிப்பைப் புரியும்படி சொல்வது எப்படி? புதிதாகச் சுவிசேஷம் சொல்லப் போகிறவர்களுக்கு

இந்துக் குடும்பத்தில் வளர்ந்த நண்பர் ஒருவரிடம் அரை மணி நேரம் இரட்சிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்கிறார். கடைசியில், "சரிங்க, இயேசுவையும் கும்பிட்டா நல்லது நடக்கும்னு சொல்றீங்க" என்கிறார். வேண்டிக்கொண்டால் தருவார், தந்தால் நேர்த்திக்கடன் செலுத்த வேண்டும் என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர் இது.

அவர் ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். உழைத்துச் சம்பாதிக்க முடியாததை தேவன் இலவசமாகத் தருகிறார் என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேரவேண்டும். கீழே உள்ள படிகள் அதற்காகத்தான்.

1. முதலில் வீட்டில் எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் ஆறே வாக்கியங்களில் சுவிசேஷத்தை எழுதுங்கள். இரட்சிப்பு, கிருபை, விசுவாசம், நித்தியஜீவன், ஆட்டுக்குட்டியின் இரத்தம் ஆகிய சொற்களில் ஒன்றுகூட வரக்கூடாது. இவை சபைக்குள் நமக்குப் பழகியவை. வெளியே இருப்பவருக்கு அவை வெறும் சத்தம். மாதிரிக்கு ஒன்று:

"உலகத்தைப் படைத்த கடவுள், நாம் தம்முடைய பிள்ளைகளாக வாழவேண்டும் என்றே நம்மை உண்டாக்கினார். நாமோ அவரை ஒதுக்கிவிட்டு நம் இஷ்டத்துக்கு வாழ்கிறோம். அந்தப் பிரிவின் முடிவு சாவு. நாம் செய்யும் நல்லதாலோ காணிக்கையாலோ அதைச் சரிசெய்ய முடியாது. கடவுளே இயேசு என்ற மனிதராக வந்து, நம் குற்றத்தைத் தம்மேல் ஏற்றுச் சிலுவையில் இறந்து, மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். அவரிடம் திரும்பி, அவரை நம்பித் தன்னை ஒப்படைக்கிற யாரையும் அவர் இலவசமாக மன்னித்துத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறார்."

இதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எந்த வாக்கியத்தில் தடுமாறுகிறீர்களோ அதுதான் உங்களுக்கே இன்னும் தெளிவாகாத இடம். அங்கே வேதத்தைத் திறந்து உட்காருங்கள். பெரும்பாலும் நான்காவது வாக்கியத்தில்தான் அந்தத் தடுமாற்றம் வரும்.

வசனங்களை வரிசையாக வைத்துக்கொள்ள ரோமர் நிருபம் உதவும்: 3:23 (எல்லாரும் பாவஞ்செய்தார்கள்), 6:23 (பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய வரமோ நித்தியஜீவன்), 5:8 (நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார்), 10:9 (வாயினாலே அறிக்கை, இருதயத்திலே விசுவாசம்). இந்த வரிசை உங்கள் நினைவுக்காக மட்டும். நான்கையும் ஒரே மூச்சில் அடுக்கினால் கேட்பவருக்கு எதுவும் நிற்காது. ஒரு சந்திப்புக்கு ஒரு பகுதி போதும். 1871-ல் வெளிவந்த தமிழ் வேதாகமமான பழைய திருப்புதல் நமக்குப் பிரியமானதுதான். ஆனாலும் புதியவர் கையில் கொடுக்க 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பைப்போல இன்றைய நடையில் உள்ள ஒன்றே நல்லது.

2. முதல் சந்திப்பில் கேளுங்கள்

"கடவுள்னா உங்க மனசுல என்ன தோணும்?" "செத்த பிறகு என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" இந்த இரண்டைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். கர்மா, மறுபிறவி, "எல்லாம் ஒரே சக்தி", "எனக்கு நம்பிக்கையே இல்ல" என்று எது வந்தாலும், நீங்கள் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பவுல் பிசீதியாவிலுள்ள அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் பேசும்போது எகிப்திலிருந்து இஸ்ரவேலர் வந்த கதையில் ஆரம்பித்தார் (அப்போஸ்தலர் 13). அத்தேனேயில் இஸ்ரவேலைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊரைச் சுற்றிப் பார்த்து, "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதிய பலிபீடத்தைக் கவனித்து, உலகத்தை உண்டாக்கினவரில் ஆரம்பித்தார் (அப்போஸ்தலர் 17). இரண்டு இடத்திலும் முடிவாக வந்து நின்றது இயேசுவின் உயிர்த்தெழுதலில்.

3. பாவத்தைப் பற்றிப் பேசுவது

அதிகம் சறுக்கும் இடம் இது. "நீங்க ஒரு பாவி" என்றதும் எதிரே இருப்பவர், "நான் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைச்சதில்லையே" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். நம்மில் பலரைவிட நேர்மையாக வாழ்பவராகக்கூட இருப்பார். அங்கே அவருடைய குற்றங்களைத் துருவினால் பேச்சு சண்டையாகிவிடும்.

லூக்கா 15:11-32-ஐ எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் காட்டுங்கள். இளையவன் சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்தான். மூத்தவன் ஒரு தப்பும் செய்யவில்லை, வயலில் உழைத்தான். ஆனால் கடைசியில் வீட்டுக்கு வெளியே நிற்பவன் மூத்தவன். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று கணக்குச் சொல்கிறான். அவனுக்குத் தகப்பன் ஒரு முதலாளியாகத்தான் தெரிந்தார். பாவத்தின் வேர் தகப்பனை விட்டுப் பிரிந்திருப்பது, கெட்ட செயல்கள் அதில் காய்க்கிற காய் என்பது இதில் தானாக விளங்கும். ஒழுக்கமானவரிடமும் இதைத் தயங்காமல் சொல்லலாம். அவரை மட்டம் தட்டியதாக ஆகாது.

இன்னொன்று. அவர் வணங்கும் தெய்வங்களை இழித்து ஒரு சொல்லும் பேசாதீர்கள். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" வேண்டும் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:15). அது நமக்குக் கட்டளை.

4. சிலுவையும் இலவசமும்

இதற்கு மத்தேயு 18:23-27 போதும். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ஒருவன். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெருக்கினால் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் 2 லட்சம் வருடம் உழைக்க வேண்டும். இந்தக் கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள்.

பிறகு அந்த ஊழியக்காரன் என்ன சொன்னான் என்று வாசிக்கச் சொல்லுங்கள்: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." நல்ல காரியங்கள் செய்து கடவுளிடம் கணக்கை நேர்செய்துவிடலாம் என்று நினைக்கும் எல்லாரும் சொல்வது இதே வாக்கியம்தான். சபைக்குப் போகிறவர்களும் சொல்கிறோம். ராஜா அவனுக்குத் தவணை தரவில்லை, கடனையே மன்னித்துவிட்டான். மன்னித்தவுடன் அந்த நஷ்டம் யார்மேல் விழுந்தது என்று கேளுங்கள். ராஜாவின்மேல். இங்கிருந்து சிலுவைக்கு ஒரே அடி தூரம். நம்முடைய கடனின் நஷ்டத்தைக் கடவுள் தம்மேல் ஏற்றுக்கொண்ட இடம் அது.

"கோபக்காரத் தகப்பன் ஒருவர், தப்பே செய்யாத மகனைப் பிடித்து அடித்தார்" என்ற படம் மனதில் பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குற்றவாளிக்காக வேறொருவர் தண்டனை வாங்கும் நீதிமன்றக் கதைகளை அவசரமாகச் சொன்னால் அப்படித்தான் பதியும். இயேசு, தம் ஜீவனை ஒருவரும் பறிக்கவில்லை, தாமே அதைக் கொடுப்பதாகச் சொன்னார் (யோவான் 10:18). பிதா அனுப்பினார், குமாரன் மனதார வந்தார், இருவருக்கும் ஒரே அன்பு. இதைச் சொல்லாமல் விட்டால் சிலுவை கொடூரமாகவே தெரியும்.

இயேசுவை இன்னொரு அவதாரமாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வதும் நடக்கும். இது ஒரே முறை, சரித்திரத்தில், ஒரு குறிப்பிட்ட ஆட்சியில் நடந்தது என்று சொல்லுங்கள். அவருக்கு மரணத் தீர்ப்பளித்த பொந்தியு பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி.

5. உயிர்த்தெழுதலை விட்டுவிடாதீர்கள்

சிலுவையோடு நிறுத்திவிடுவது புதிதாகச் சொல்பவர்களிடம் சாதாரணமாகக் காணும் குறை. அப்போது கேட்பவருக்கு இயேசு ஒரு நல்ல தியாகி, அவ்வளவுதான். "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 15:17). மன்னிக்கிறவர் உயிரோடு இருப்பதால்தான் இன்றைக்கும் அவரிடம் பேசலாம், அவரிடம் திரும்பலாம்.

6. திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்

"நான் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். இந்த ஒரு படியைச் செய்யாதவர்களே அதிகம். பதில்களில் இப்படிப்பட்டவை வந்தால் கவனியுங்கள்:

"நல்லவனா மாறினா சொர்க்கம்": நான்காம் படிக்குத் திரும்புங்கள். எபேசியர் 2:8-10-ஐ வாசியுங்கள். 8, 9-ஆம் வசனங்களில் இரட்சிப்பு கிரியையால் வரவில்லை, 10-ல் நற்கிரியை அதன் பின்னால் வருகிறது. முன்பின் மாறாமல் காட்டுங்கள்.

"அப்போ என்ன வேணா செய்யலாமா?": இலவசம் என்பது அவருக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது! பவுலிடமும் இதே கேள்விதான் எழுந்தது (ரோமர் 6:1). தகப்பன் வீட்டுக்குத் திரும்பினவன் பன்றித் தொழுவத்துக்குப் போக ஏன் ஆசைப்படுவான் என்று பேசுங்கள்.

"மறுபடி பிறக்கணும்னா அடுத்த ஜென்மமா?": யோவான் 3-ல் நிக்கொதேமுவும் குழம்பினார். இது இந்த வாழ்க்கையிலேயே ஆவியானவர் தரும் புது ஜீவன் என்று விளக்குங்கள்.

"இயேசுகிட்ட வந்தா வேலை கிடைக்கும், நோய் தீரும்": இது பெரும்பாலும் நம்முடைய சாட்சிகளிலிருந்தே அவருக்குப் போயிருக்கும். ஜெபிக்கலாம், கண்டிப்பாக ஜெபியுங்கள். வாக்குக் கொடுக்காதீர்கள். இயேசுவே "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்றார் (யோவான் 16:33). வேலைக்காக வந்தவர் வேலை கிடைக்காதபோது போய்விடுகிறார். அவர் ஏமாந்ததற்கு நாம்தான் பொறுப்பு.

7. அவர் சம்மதித்தால்

உடனே கையைத் தூக்கச் சொல்லி, வரிவரியாக ஒரு ஜெபத்தைச் சொல்லவைத்து, எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். நம் ஊரில் மரியாதைக்காகச் சரி என்பவர்கள் ஏராளம், அதிலும் நீங்கள் மூத்தவராகவோ உதவி செய்தவராகவோ இருந்தால். ஜெபிக்க விரும்பினால் அவருடைய சொந்த வார்த்தையில் ஜெபிக்கட்டும். ஆயக்காரன் சொன்னது ஒரே வாக்கியம்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" (லூக்கா 18:13).

மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள், 16 அதிகாரம்தான். வாரத்துக்கு இரண்டு அதிகாரம் சேர்ந்து வாசித்தால் எட்டு வாரம். ஞானஸ்நானத்தைப் பற்றி அதற்குள் அவரே கேட்பார்.

கேட்கும்போது, அவர் கொடுக்கவேண்டிய விலையை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் எதிர்ப்பு வரலாம். பட்டியல் சாதியினராக இருந்தால், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி இன்று இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. கிறிஸ்தவரானவர் அதை இழப்பார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் தொடுகிற விஷயம் இது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்று இயேசு சொல்லியிருக்கிறார் (லூக்கா 14:28). அந்தக் கணக்கைப் பார்க்க அவருக்கு நேரம் கொடுங்கள். இதில் அநியாயம் இருக்கிறது என்பது நம் கருத்து. அதற்காக உண்மையை மறைக்க நமக்கு உரிமையில்லை.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டாலும், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஒடிசா உட்படப் பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. பணம், அரிசி, படிப்புச் செலவு என்று நீங்கள் செய்யும் உதவியையும் இந்தப் பேச்சையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் சிறுபிள்ளைகளிடம் பேசாதீர்கள்.

8. அவர் வேண்டாம் என்றால்

"சரிங்கண்ணே, நீங்க கேட்டதே சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல டீ குடிக்கப் போங்கள். அடுத்த வாரமும் போங்கள். அவர் கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி ஏதாவது இருந்தால் எழுதிவைத்து, படித்துவிட்டு, அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கும்போது சொல்லுங்கள். எடுக்காவிட்டால் நீங்களும் எடுக்கவேண்டாம், அவருக்காக ஜெபித்துக்கொண்டிருங்கள்.