புது நகரத்தில் எந்தப் பகுதியில் குடியேறுவது? கிலோமீட்டரை விட்டு நிமிடத்தில் கணக்குப் போடும் முறை

வேலை மாறிப் புது நகரத்துக்குப் போனபோது நான் வீடு பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அலுவலகத்திலிருந்து 9 கிலோமீட்டர். வண்டியில் 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். வீடும் பிடித்திருந்தது, அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டேன். மறுவாரம் திங்கட்கிழமை காலை அதே 9 கிலோமீட்டருக்கு 1 மணி 10 நிமிடம் ஆனது. ஓராண்டு ஒப்பந்தம் என்பதால் வெளியே வரவும் முடியவில்லை. அந்த ஓராண்டில் என் மகள் விழித்திருக்கும்போது நான் வீடு திரும்பிய நாட்கள் மிகக் குறைவு.

அடுத்த முறை ஊர் மாறியபோது வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பகுதியை முடிவு செய்வோம் என்று உட்கார்ந்தேன். அப்போது செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வாடகை வீடு தேடும் தளங்களை எப்படிப் பயன்படுத்துவது, ஒப்பந்தத்தில் என்ன பார்ப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அவை பகுதி முடிவான பிறகு வரும் வேலைகள்.

படி 1: யார் எங்கே, வாரத்துக்கு எத்தனை முறை?

ஒரு தாளில் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் வழக்கமாகப் போகும் இடங்களை எழுதுங்கள். அலுவலகம், பள்ளி, அம்மாவுக்கு மருத்துவமனை, அப்புறம் ஊருக்குப் போகும் ரயில் நிலையம். பக்கத்திலேயே வாரத்துக்கு எத்தனை முறை என்றும் எழுதுங்கள். இந்த எண் இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை போகும் ரயில் நிலையமும் தினமும் போகும் அலுவலகமும் மனதுக்குள் ஒரே அளவாகத் தெரியும்.

ஓர் உதாரணம். ஒருவருக்கு வாரத்தில் 5 நாள் வேலை, அவர் துணைவருக்கு 6 நாள். ‘அ’ பகுதியில் இருந்தால் அவருக்கு 25 நிமிடம், துணைவருக்கு 50. ‘ஆ’ பகுதியில் இருந்தால் அவருக்கு 40, துணைவருக்கு 30. போகவர இரண்டையும் சேர்த்தால் ‘அ’ பகுதிக்கு வாரம் 250 + 600 = 850 நிமிடம். ‘ஆ’ பகுதிக்கு 400 + 360 = 760 நிமிடம். முதலாமவர் மட்டும் வீடு தேடினால் ‘அ’ பகுதியைத்தான் பிடிப்பார். குடும்பத்துக்கு வாரம் ஒன்றரை மணி நேரம் அதிலேயே போய்விடும். வீடு பார்க்க அலைபவருடைய அலுவலகத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது நான் பலரிடமும் கண்ட பிழை.

படி 2: வட்டம் வேண்டாம், நேர எல்லையை வரையுங்கள்

வரைபடத்தில் அலுவலகத்தை மையமாக வைத்து 10 கிலோமீட்டர் வட்டம் போடுவது எல்லோரும் செய்வதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் வட்டத்துக்குள் வந்துவிடும், ஆனால் பாலம் 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ரயில் பாதை, ராணுவ வளாகம், விமான நிலையம் இவையும் இப்படித்தான் குறுக்கே விழும்.

நமக்குத் தேவை ‘30 நிமிடத்தில் எங்கெல்லாம் எட்டலாம்’ என்று காட்டும் எல்லைக்கோடு. ஐசோக்ரோன், அதாவது சமநேரக் கோடு என்பார்கள். பழைய யோசனைதான். லண்டனிலிருந்து உலகின் எந்த இடத்துக்கு எத்தனை நாளில் போய்ச் சேரலாம் என்று வண்ணம் பிரித்துக் காட்டும் வரைபடத்தை பிரான்சிஸ் கால்ட்டன் 1881இலேயே வெளியிட்டிருக்கிறார்.

இன்று இதை இலவசமாகவே செய்யலாம். நான் பயன்படுத்துவது ஓப்பன்ரூட்சர்வீஸ். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடத்தின் தரவை வைத்து இயங்கும் தளம் அது. அலுவலக முகவரியைக் கொடுத்து, ஐசோக்ரோன் தெரிவுக்குப் போய், காரா சைக்கிளா நடையா என்று தேர்ந்தெடுத்து, நிமிடத்தைக் கொடுத்தால் வரைந்து தந்துவிடும். வருவது வட்டமாக இருக்காது. பெருஞ்சாலைகள் போகும் திசையில் விரல் விரித்த கை போல நீண்டிருக்கும். மேம்பாலமோ பாலமோ இல்லாத பக்கம் ஒட்டிப்போய் இருக்கும்.

ஒவ்வொருவருடைய இடத்துக்கும் இப்படி ஒன்று வரைந்து, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு எனக்குக் கணினித் திரையைவிட அச்செடுத்த வரைபடமும் கலர் பென்சிலும்தான் பிடிக்கும். மேசையில் விரித்தால் வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று விரல் வைத்துப் பேசுவார்கள். எக்செல் அட்டவணை போட்டபோது என்னைத் தவிர யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கோடு அந்த நேரத்துச் சாலை நெரிசலைக் கணக்கில் எடுக்காது. வேண்டாத பகுதிகளைக் கழிக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: உண்மையான நேரம்

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூகுள் மேப்ஸில் வழி கேட்டால் அது காட்டுவது இந்த நிமிடத்துக்கான நேரம். இரவு சாப்பிட்டுவிட்டு 10 மணிக்கு உட்கார்ந்து வீடு தேடுபவருக்கு எல்லாப் பகுதியும் 25 நிமிடமாகத்தான் தெரியும். கணினியில் வழி கேட்ட பிறகு, ‘இப்போதே புறப்படு’ என்ற பொருளில் இருக்கும் பட்டியைத் திறந்தால், புறப்படும் நேரத்தையோ போய்ச் சேரவேண்டிய நேரத்தையோ நாமே கொடுக்கலாம். காலைக்குச் சேரவேண்டிய நேரத்தைக் கொடுங்கள். 9 மணிக்கு வேலை என்றால் 8:50. நாள் செவ்வாயோ புதனோ வியாழனோ இருக்கட்டும். இனி அதைத் திருப்பிப் போட்டு, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு, மாலை புறப்படும் நேரம் கொடுத்துப் பாருங்கள்.

சாலைவழி என்றால் அது ஒற்றை எண் தராது. ‘வழக்கமாக 30 முதல் 55 நிமிடம்’ என்பது போல ஒரு வீச்சைத் தரும். கண் தானாக 30க்குத்தான் போகும். நீங்கள் 55ஐ எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டியவர் தினமும் அந்த 55ஐ மனதில் வைத்துத்தான் கிளம்பியாக வேண்டும்.

மாலையைத் தனியாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது முறை நான் காலையை ஒழுங்காகப் பார்த்துவிட்டு மாலையும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தால் மறுபடியும் மாட்டியிருப்பேன். நாங்கள் ஆசைப்பட்ட ஒரு பகுதிக்குக் காலை 35 நிமிடம். திரும்பும்போது ஒருவழிப் பாதை, அதைத் தாண்டினால் ரயில்வே கேட், மொத்தம் 65 நிமிடம்.

வரைபடம் காட்டுவது வண்டி ஓடும் நேரம் மட்டும். வீட்டுக் கதவிலிருந்து அலுவலக நாற்காலி வரை எத்தனை நிமிடம் என்பதுதான் நமக்கு வேண்டியது. லிஃப்டுக்குக் காத்திருப்பது, வண்டியை நிறுத்த இடம் தேடுவது, நிறுத்தத்துக்கு நடப்பது, பேருந்துக்குக் காத்திருப்பது எல்லாவற்றையும் கூட்டுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரியாக 10 நிமிடம் நிற்க வேண்டும், கண்ணெதிரே ஒன்றை விட்டால் இன்னும் 20. நடுவில் ஒருமுறை மாற வேண்டியிருந்தால் அந்தக் காத்திருப்பு இன்னொரு தடவை. கடைசிப் பேருந்து எப்போது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை நிமிடம் வரை பரவாயில்லை? செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளுக்குச் சுமார் 1 மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்றார். வாகனம் வேகமானால் ஊர் பெரிதாகிறது, நேரம் குறைவதில்லை. நான் போட்டுக்கொண்ட வரம்பு, கதவிலிருந்து நாற்காலி வரை ஒருவழிக்கு 45 நிமிடம். அதைத் தாண்டிய எந்த வீட்டையும் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்க்கவே போவதில்லை என்று முடிவு செய்தோம். பார்த்தால் மனம் மாறிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். படி 6இல் சொன்னபடியே வேலைநாளில் காலை 8 மணிக்கு நேரில் போய்ப் பார்த்தாராம், 30 நிமிடம்தான் ஆனதாம். ஆனால் அது பள்ளி விடுமுறைக் காலம். பள்ளி திறந்ததும் 50 நிமிடமாகிவிட்டது. விடுமுறையில் பார்க்க நேர்ந்தால், மேப்ஸில் பள்ளி திறந்த பிறகு வரும் ஒரு வேலைநாளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். போகும் வழியில் பள்ளிகள் எத்தனை என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 4: வாடகையோடு பயணச் செலவையும் கூட்டுங்கள்

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருக்கட்டும் என்று பரவலாகச் சொல்வார்கள். அது பாதிக் கணக்குதான். சிகாகோவில் உள்ள ‘சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி’ என்ற அமைப்பு வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்து 45 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. எனக்கு இந்த அளவுகோல்தான் சரியாகப் படுகிறது. ஊருக்கு வெளியே வாடகை குறைவு என்று போய், அதற்காகவே இன்னொரு வண்டி வாங்க வேண்டி வந்தால் என்ன மிச்சம்?

படி 5: அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது?

இதுவரை வரம்பைத் தாண்டியவற்றைக் கழித்திருந்தால் இப்போது கையில் மூன்று பகுதிகள் போல மிஞ்சியிருக்கும். கூகுள் எர்த் ப்ரோவைக் கணினியில் இறக்கி (இலவசம்தான்), பழைய செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கடிகாரப் பொத்தானை அழுத்தி, ஆண்டு ஆண்டாகப் பின்னால் போங்கள். இன்று அடுக்குமாடி இருக்கும் இடத்தில் பழைய படத்தில் ஏரியோ சதுப்போ தெரிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மழைக்காலப் படத்தைப் பாருங்கள், கோடையில் எடுத்த படத்தில் ஏரியும் வெறும் மைதானம் போலவே இருக்கும். தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. மூன்றில் ஒன்றை நாங்கள் இதற்காகவே விட்டுவிட்டோம்.

ஓப்பன்டோப்போமேப் என்ற இணைய வரைபடத்தில் உயரக் கோடுகள் தெரியும், எந்தப் பக்கம் தாழ்வு என்று பிடிபடும். ஆனால் ஓரிரு அடிப் பள்ளமெல்லாம் அதில் தெரியாது. நேரில் போகும்போது மதில் சுவர்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். தெரு முழுக்க ஒரே மட்டத்தில் கறை ஓடியிருந்தால் தண்ணீர் அங்கே வரை நின்றிருக்கலாம். வாசற்படியை மட்டும் பிறகு உயர்த்திக் கட்டிய வீடுகள் வரிசையாக இருந்தாலும் காரணம் கேளுங்கள்.

படி 6: மூன்று முறை போங்கள்

வேலைநாள் காலை ஒருமுறை, இரவு 10 மணிக்கு மேல் ஒருமுறை, மழை பெய்யும்போதோ விட்ட உடனேயோ ஒருமுறை. காலையில் போகும்போது அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போய், படி 3இல் எழுதிய எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். இரவில் போகும்போது நிறுத்தத்திலிருந்து தெரு வரை நடங்கள். வீட்டில் தனியாக வரப்போகிறவர் யாரோ அவரையும் கூட்டிப்போங்கள், அந்த நடையைப் பற்றி அவர் சொல்வதுதான் முடிவு.

இரைச்சல் பகலில் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவில் வீட்டுக்கு வெளியே ஆண்டுச் சராசரி 40 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. நெரிசலான நகரத்தில் அது கிடைப்பது அரிது. போனில் உள்ள ஒலி அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல, ஆனால் ஒரே போனை வைத்து மிஞ்சிய பகுதிகளை ஒப்பிடலாம். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘இங்கே தண்ணீர்ப் பிரச்சினை உண்டா?’ என்றால் ‘அதெல்லாம் இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘கடைசியாக எப்போது தண்ணீர் வரவில்லை?’ என்று கேட்டால் யோசித்து ஒரு நாளைச் சொல்வார்கள். மின்சாரத்துக்கும் இப்படியே. வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ கேட்பதைவிட, தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: இரவு வேலைக்குப் போகும் ஒருவர், இந்தப் படி தனக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். பகலில் தூங்குபவர்கள் இரைச்சலை மதியம் அளக்க வேண்டும். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா, தொடங்கப்போகிறதா என்பது அவர்களுக்கு மிக முக்கியம்.

படி 7: முதலில் தற்காலிகமாகத் தங்குங்கள்

குடும்பத்தோடு மாறுவதற்கு முன் யாராவது ஒருவர், தேர்ந்தெடுத்த பகுதியிலேயே 3 வாரமாவது தங்கிப் பாருங்கள். பேயிங் கெஸ்டோ சர்வீஸ் அப்பார்ட்மென்டோ எதுவானாலும் சரி. ‘குடியிருக்கச் சிறந்த பத்து இடங்கள்’ என்று வரும் பட்டியல்களை நான் பார்ப்பதே இல்லை. அதை எழுதியவர் தினமும் போகும் இடம் வேறு, நாம் போகும் இடம் வேறு. 3 வாரம் அங்கிருந்து வேலைக்குப் போய்வந்தால் எந்தப் பட்டியலும் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

நேரில் வரவே முடியாத தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டார்கள். அங்கே வேலை செய்யப்போகும் இடத்தில் யாரையாவது பிடித்து, ஒரு வேலைநாள் மாலை 7 மணிக்கு நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரை வீடியோ அழைப்பில் நடந்து காட்டச் சொல்லுங்கள். தரகர் அனுப்பும் வீடியோ வீட்டுக்குள்ளே மட்டும்தான் சுற்றும். அதுவும் முடியாதென்றால் ஓராண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். 3 மாதத்துக்குக் கேளுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அல்லது ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம் என்ற வரியை, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்த்து வாங்குங்கள்.