பழைய திங்க்பேட் எடுக்கும்போது பாக்க வேண்டியது

தங்கச்சி மவ பாளையங்கோட்டையில காலேஜ் சேர்ந்தப்ப, மலிவா இருக்கேன்னு செலரான்ங்கிற வேகம் கம்மியான ப்ராசஸர் போட்ட புது லேப்டாப் வாங்கிக் குடுத்தேன். 4 ஜிபி ராம், போர்டோட ஒட்டினது, கூட்ட வழியில்ல. ஒரே வருசத்துல மூடி கழண்டு போச்சு. அப்புறந்தான் வண்ணார்பேட்டையில லெனோவோ கம்பெனியோட பழைய திங்க்பேட் டி480 லேப்டாப் எடுத்தோம். இதுல ராம், எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேமிக்கிற டிரைவ்) ரெண்டையும் நாமளே மாத்திக்கலாம்.

இன்டெல் ப்ராசஸர் 8ஆம் தலைமுறைக்குக் கீழ வேண்டாம், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டி480-லயே சிலது 7ஆம் தலைமுறை, கேட்டுக்கோங்க. ஆன் ஆகும்போதே எஃப்1 தட்டி பயோஸுக்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) போங்க. பாஸ்வேர்டு கேட்டா, அது பழைய ஆள் போட்ட பூட்டு, வச்சிட்டு வந்துருங்க. நோட்பேட்ல ஒவ்வொரு கீயா அழுத்துங்க. எங்களுக்கு முதல்ல காட்டினதுல 'என்' ரெண்டு தரம் அழுத்தினாத்தான் விழுந்துச்சு, வேற எடுத்துட்டு வரச் சொன்னோம். பேட்டரி தேஞ்சிருந்தா பரவாயில்ல, விலையைக் குறைங்க. டி480-ல பின்பக்கம் இருக்க பேட்டரியைக் கையாலயே கழத்தி மாட்டலாம்.