படித்ததை வார்டுக்குக் கொண்டுபோக ஒரு தாள் போதும்

மனநல வார்டில் முதன்முதலாகப் பணிக்குச் செல்லும் செவிலிய மாணவர்களுக்கு இந்தக் குறிப்பு. தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்கூட நோயாளியின் எதிரே உட்கார்ந்ததும் வாயடைத்துப் போவார்கள். அதற்காக வருந்த வேண்டாம்.

நோயாளியுடன் பத்து நிமிடம் பேசுங்கள். பேசும்போது எதுவும் எழுதாதீர்கள். முழுக் கவனமும் அவர் முகத்தில் இருக்கட்டும். வெளியே வந்து அரை மணி நேரத்துக்குள், நினைவு மங்குவதற்குள், ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனதில் ஓடியது, பாடத்தில் இதற்கு என்ன பெயர்.

"சுவருக்குள்ளிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள்" என்கிறார் ஒருவர். "அங்கே யாரும் இல்லையே" என்று பதறிச் சொல்லிவிடுகிறோம். மூன்றாவது பத்தியில் "பயந்துவிட்டேன்" என்று நேர்மையாக எழுதினால், அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். மறுநாள், "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு அது எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது" என்று சொல்ல வரும். நான்காவது பத்தி தானாக நிரம்பும்.

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் மையம் என்ற கோட்பாட்டை 1952இல் முன்வைத்த அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லா, இத்தகைய உரையாடல் பதிவுகளைக் கற்பித்தலுக்குப் பெரிதும் பயன்படுத்தினார்.

தாளில் நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ கூடாது. தற்கொலை எண்ணத்தை அவர் வெளிப்படுத்தினால், தாளை ஒதுக்கிவிட்டு உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். மற்ற நாட்களில், வாரம் ஒரு தாளையாவது மூத்த செவிலியருடன் உட்கார்ந்து வாசியுங்கள்.