ஒரே அடி, இரண்டு குரல்கள்: கோல்ஃப் ஒளிபரப்புகளையும் வர்ணனையாளர்களையும் ஒப்பிடும் முறை

2025 ஏப்ரல் 14ஆம் திகதி அதிகாலை, புத்தாண்டு நீராடலுக்காகக் கோயிலிலிருந்து வாங்கி வந்த மருத்துநீர்ச் செம்பு மேசைமேல் இருக்க, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஓகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் சுற்றுப்போட்டியின் கடைசிச் சோடி கொழும்பு நேரம் நள்ளிரவு 12 மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கியபோது குரோதி வருடம் முடிந்திருக்கவில்லை. சமநிலையை முறிக்க மேலதிகமாக ஆடிய குழியில் ஜஸ்டின் ரோஸை வென்று ரோரி மெக்கில்ராய் முழந்தாளிட்டு அழுதபோது விசுவாவசு பிறந்துவிட்டிருந்தது. அமெரிக்க அலைவரிசையான சிபிஎஸ்ஸின் வர்ணனையாளர் ஜிம் நான்ஸ் வெற்றியை அறிவித்துவிட்டுச் சில நிமிடங்கள் வாய் திறக்கவில்லை. கண் கசக்கிக்கொண்டு எழுந்து வந்த என் மருமகன், "மாமா, சத்தம் நிண்டு போச்சோ?" என்று கேட்டான். "இல்லையடா, அவை வேணுமெண்டுதான் பேசாமல் இருக்கினம்" என்றேன். அவன் என் பக்கத்தில் அமர்ந்து, அந்த மௌனம் முடியும்வரை பார்த்தான்.

எந்த ஒளிபரப்பு நல்லது, எந்த வர்ணனையாளர் சிறந்தவர் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. குரல் இனிமையாக இருக்கிறதா, நகைச்சுவை வருகிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பது எளிது. ஆனால் அது நம் விருப்பத்தை மட்டுமே சொல்லும். அடி விழுவதற்கு முன் நமக்கு எவ்வளவு தெரியவைக்கிறார்கள், விழுந்தபின் எவ்வளவு நேரம் நம் கண்ணை நம்பி விட்டுவிடுகிறார்கள் என்ற இரண்டையும் வைத்தே நான் ஒப்பிடுகிறேன். அதற்கு நான் கைக்கொள்ளும் முறையைக் கீழே விவரமாகத் தருகிறேன்.

முதலில் நேரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஏப்ரலில் கொழும்பு ஓகஸ்டாவை விட ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால், மாஸ்டர்ஸின் முக்கியமான பகுதி நமக்கு நள்ளிரவுக்குப் பின்னரே வரும். ஜூலையில் பிரித்தானியாவில் நடக்கும் ஓப்பன் சுற்றுப்போட்டிக்கு வித்தியாசம் நாலரை மணித்தியாலம் மட்டுமே. காலை ஆட்டம் நம் மதியத்திலும் கடைசிக் குழிகள் நம் நள்ளிரவுக்கு முன்னும் வந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் கேட்கும் வர்ணனை எல்லாம் சலிப்பாகத்தான் இருக்கும் என்பதால், ஒப்பிடப் பழகுபவர்கள் ஓப்பனிலிருந்து தொடங்குவது நல்லது.

ஒப்பீட்டுக்கு எடுப்பவை ஒரே போட்டியின் ஒரே மணித்தியாலமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு போட்டியையும் அடுத்த மாதம் இன்னொரு போட்டியையும் பார்த்துவிட்டு இரண்டு அலைவரிசைகளைத் தரம் பிரிப்பவர், மைதானத்தையும் ஆட்டக்காரர்களையும் ஒப்பிடுகிறாரே தவிர ஒளிபரப்பை அல்ல. இரண்டு ஒளிபரப்புகளை ஒரே நேரத்தில் பெற முடியாதவர்களுக்கு நல்ல மாற்றுவழி ஒன்று உண்டு. மாஸ்டர்ஸ் போட்டியின் அதிகாரபூர்வ யூடியூப் தளத்தில் பழைய இறுதிச் சுற்று ஒளிபரப்புகள் முழுமையாகக் கிடைக்கின்றன. ஜாக் நிக்லஸ் 46 வயதில் வென்ற 1986ஆம் ஆண்டு ஒளிபரப்பில் ஒரு மணித்தியாலத்தையும் 2025ஆம் ஆண்டு ஒளிபரப்பில் ஒரு மணித்தியாலத்தையும் பக்கம் பக்கமாகப் பார்த்தால், மைதானமும் அலைவரிசையும் மாறாமல் ஒளிபரப்பும் முறை மட்டும் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

அடுத்து, ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் காட்டப்பட்ட ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு போடுங்கள். அது முழு வீச்சில் அடித்த அடியா, கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்பில்) உருட்டிய பட் அடியா என்று பிரித்து எழுதுங்கள். எத்தனை வெவ்வேறு ஆட்டக்காரர்கள் வந்தார்கள் என்றும் விளம்பரம் எத்தனை நிமிடம் போனது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தது என்று நாம் நினைத்த ஒளிபரப்பு உண்மையில் நான்கு பேரின் பட் அடிகளை மட்டுமே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது என்பதைக் கொப்பி சொல்லிவிடும். பட் அடிகளைப் படம் பிடிப்பது இலகு, ஏனென்றால் கமரா ஓரிடத்தில் நின்றால் போதும். மரங்களுக்கிடையில் சிக்கிய பந்தைத் தேடிப் போய், அது எப்படிக் கிடக்கிறது என்று காட்டும் ஒளிபரப்புக்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

விளம்பரத்தைக் கணக்கிடும்போது ஒரு நியாயம் பார்க்க வேண்டும். சிபிஎஸ் 1956இலிருந்து மாஸ்டர்ஸை ஒளிபரப்பி வருகிறது. அங்கு மணித்தியாலத்துக்கு நான்கு நிமிட விளம்பரம் என்ற அளவு நெடுங்கால வழக்கம். அதே நிறுவனம் வேறொரு வாரத்தில் ஒளிபரப்பும் சாதாரணப் போட்டியில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. ஆகவே மாஸ்டர்ஸை அளவுகோலாக வைத்து மற்ற வாரங்களைக் குறை சொல்வது பொருத்தமற்றது. மேலும், நம் நாட்டுக்கு வரும் ஒளிபரப்புப் பல வேளைகளில் உலக நாடுகளுக்கெனத் தனியாகத் தயாரிக்கப்படுவது. அமெரிக்க அலைவரிசை விளம்பரத்துக்குப் போகும் இடைவேளையில் அதில் அடிகள் தொடரும், வர்ணிப்பவர்களும் வேறு ஆட்களாக இருப்பார்கள். யாருடைய குரலைக் கேட்கிறோம் என்று அறியாமல் ஓர் அமெரிக்க நிறுவனத்தைப் பாராட்டுவதோ திட்டுவதோ அடிக்கடி நடக்கும் தவறு. தொடக்கத்தில் பெயர்கள் திரையில் வரும்போதே எழுதி வைத்துக்கொண்டால் இந்தத் தவறு நேராது.

நேரடி ஒளிபரப்பில் காட்டப்படுவதெல்லாம் அந்தக் கணத்தில் நடப்பது அல்ல. கோல்ஃபில் பதினெட்டுக் குழிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடப்பதால், ஓர் அடியைப் பதிவுசெய்து ஒரு நிமிடம் கழித்துக் காட்டுவது தயாரிப்பாளருக்குத் தவிர்க்க முடியாதது. வர்ணனையாளர் "சற்று முன்" என்று சொல்லிவிட்டால் அது நேர்மை. சொல்லாமல் விட்டால், கைத்தொலைபேசியில் போட்டியின் செயலியைத் திறந்து வைத்துப் பாருங்கள்: புள்ளிப்பட்டியல் முதலில் மாறி, பிறகு அந்த அடி திரையில் வரும். இணையவழிப் படமே அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்துவது வழக்கமாதலால், அந்தப் பிந்தலை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் மிகப் பின்னால் இருக்கும் ஒருவரின் நீண்ட பட் அடியைத் திடீரென்று காட்டினால் அது உள்ளே விழப்போகிறது என்று பழகிய கண் அறிந்துகொள்ளும். விழாமல் போயிருந்தால் அதைக் காட்டியிருக்கவே மாட்டார்கள்.

இனி வர்ணனையாளர்கள். கோல்ஃப் ஒளிபரப்பில் மூன்று வேலைகள் உண்டு. மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. நடத்துநர் கதையைக் கோத்துச் செல்பவர். நான்ஸ் இதற்கு உதாரணம். பகுப்பாய்வாளர் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். 2008இல் மாஸ்டர்ஸை வென்ற ட்ரெவர் இம்மல்மன், நிக் ஃபால்டோ விலகிய பின் 2023இலிருந்து சிபிஎஸ்ஸில் அந்த இடத்தில் இருக்கிறார். மூன்றாமவர் ஆட்டக்காரர்களுடன் மைதானத்தில் நடப்பவர். சிபிஎஸ்ஸின் டொட்டி பெப்பர், பிரித்தானியாவின் ஸ்கை ஸ்போர்ட்ஸின் வெய்ன் ரைலி போன்றவர்கள். இந்த மூன்றாமவரே நமக்கு மிகவும் பயன்படுபவர் என்பது என் உறுதியான கருத்து. பந்து புல்லின் மேல் நிற்கிறதா அடியில் அமிழ்ந்திருக்கிறதா, காற்று தரையில் ஒருபுறமும் மரங்களுக்கு மேல் மறுபுறமும் அடிக்கிறதா என்பவற்றைக் கமரா முழுமையாகச் சொல்லாது. பக்கத்தில் நிற்பவர் சொல்வார். நெடுங்காலம் ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சனுக்குக் கேடியாக (கோல்களைச் சுமந்து ஆலோசனை சொல்லும் உதவியாளராக) இருந்த ஜிம் மக்கே 2017இல் அமெரிக்காவின் என்பிசியில் இந்த வேலைக்கு வந்தபோது, ஆட்டக்காரரும் கேடியும் என்ன கணக்குப் பார்த்து ஒரு கோலைத் தெரிவுசெய்கிறார்கள் என்பது பார்வையாளருக்குக் கேடியின் வாயாலேயே விளங்கியது.

வர்ணனையாளரைச் சோதிக்க நான் செய்வது இது. அடிக்கு முன் அவர் சொன்னதை ஒரு பக்கத்திலும் பின் சொன்னதை மறுபக்கத்திலும் எழுதுவேன். பந்து நீரில் விழுந்தபின் "அது பிழையான தெரிவு" என்று சொல்ல யாராலும் முடியும். 2025 இறுதிச் சுற்றின் 13ஆம் குழியில், நூறு கஜத்துக்கும் குறைவான தூரத்திலிருந்து மெக்கில்ராய் அடித்த மூன்றாவது அடி கிரீனின் ஓரத்து ஓடையில் விழுந்து, அந்தக் குழியில் ஏழு அடிகள் ஆயின. அந்த அடியை எடுத்துக்கொண்டு, பந்து புறப்படுமுன் யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்: கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது, கொடி எங்கே இருக்கிறது, தவறவிடுவதற்குப் பாதுகாப்பான பக்கம் எது என்ற மூன்றில் எத்தனை சொல்லப்பட்டன? இரண்டு ஒளிபரப்புகளில் இப்படிப் பத்து அடிகளைக் கேட்டால், யார் முன்கூட்டி வாசிப்பவர், யார் முடிவைப் பார்த்துப் பேசுபவர் என்பது தானாகத் தெரியும்.

கடுமையும் கனிவும் வேறு விடயம். அதில் சரி பிழை இல்லை, ஆனால் ஒப்பிடுவதற்கு மிகச் செழுமையான இடம் அதுதான். 1999இல் ஸ்கொட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பனின் கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னிலையுடன் வந்த பிரெஞ்சு ஆட்டக்காரர் ஜான் வான் டெ வெல்ட், அங்கே ஏழு அடிகள் எடுத்து, ஒரு கட்டத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கி நின்றார். பிபிசியில் அதை வர்ணித்தவர் பீட்டர் அலிஸ். அமெரிக்காவின் ஏபிசியில் 1988, 1989 ஆண்டுகளின் யூஎஸ் ஓப்பனை வென்ற கேர்ட்டிஸ் ஸ்ட்ரேஞ்ச். படம் ஒன்றுதான். அலிஸின் குரலில், பிழைவழி போகும் வீட்டுப் பிள்ளையைத் தடுக்க ஆளில்லையே என்ற பதைப்பு இருக்கிறது; ஸ்ட்ரேஞ்சின் குரலில் சக ஆட்டக்காரரின் கண்டிப்பு இருக்கிறது. இரண்டு பதிவுகளையும் ஒரே இருப்பில் கேளுங்கள். எந்தக் குரலுடன் நான்கு மணித்தியாலம் உட்கார்ந்திருக்க உங்களால் முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சோதனையை நான் அறியேன்.

வர்ணனையாளர் எங்கிருந்து பேசுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓகஸ்டாவில் பார்வையாளர்களைக் கூட்டம் என்றோ ரசிகர்கள் என்றோ அழைப்பதில்லை. மைதானத்தை நடத்தும் கழகம் அவர்களுக்கு வேறு சொல் வைத்திருக்கிறது. 1966இல் பார்வையாளர்களைக் கும்பல் என்று குறிப்பிட்ட ஜாக் விட்டேக்கரும், 1994இல் கிரீன்களின் வேகத்தைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்ன கேரி மக்கோர்டும் அந்த மைதானத்தின் ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஆகவே அங்கே அடக்கமாகப் பேசும் ஒருவரை அந்த வாரத்தை மட்டும் வைத்து மந்தமானவர் என்று முடிவு கட்டாமல், வேறொரு போட்டியிலும் கேட்டுவிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

திரையில் வரும் எழுத்துகளும் கோடுகளும் ஒளிபரப்பின் பகுதியே. மொத்த அடிகளைக் காட்டாமல், பாருக்கு (குழிகளுக்கு விதித்த அடிக்கணக்குக்கு) மேலா கீழா என்று மட்டும் காட்டும் முறையை சிபிஎஸ் தயாரிப்பாளர் ஃபிராங்க் சேர்க்கினியன் கொண்டுவந்தார். இன்று அது இல்லாமல் நம்மால் பார்க்கவே முடியாது. பந்தின் பாதையை வண்ணக் கோடாக வரையும் தொழில்நுட்பம், பந்து காற்றில் எப்படி வளைகிறது என்பதைக் காட்டித் தருவதால், முழு வீச்சு அடிகளில் எத்தனைக்கு அந்தக் கோடு வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஆட்டக்காரர் ஒருவர் சக ஆட்டக்காரர்களின் சராசரியைவிட எத்தனை அடி மிச்சம் பிடித்தார் என்ற கணக்கை, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் 2011இல் பட் அடிகளுக்கு அறிமுகப்படுத்தியது; கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ப்ரோடியின் ஆய்வில் பிறந்தது அது. அந்த எண்ணை வாசித்துவிட்டு நகர்பவரைவிட, அந்த எண் ஏன் அப்படி வந்தது என்று ஒரு வசனத்தில் விளக்குபவரே நல்ல பகுப்பாய்வாளர்.

சத்தத்தை முழுமையாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பார்ப்பதும் பயனுள்ளது. வர்ணனை இல்லாமலே யார் முன்னிலையில் இருக்கிறார், எந்தக் குழி, எத்தனையாவது அடி என்று விளங்கினால் இயக்குநர் தம் வேலையைச் சரியாகச் செய்கிறார். பிறகு சத்தத்தைத் திரும்பக் கூட்டும்போது, படத்தில் ஏற்கெனவே தெரிந்ததையே வர்ணனையாளர் சொல்கிறாரா, தெரியாததைச் சொல்கிறாரா என்று காது உடனே பிரித்துக்கொள்ளும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ஏப்ரலில் மாலையிலும் இரவிலும் இடியுடன் மழை பெய்தால் கூரைமேல் உள்ள டிஷ் அன்டெனாவில் படம் அறுபடலாம். ஒப்பீட்டுக்காக விழித்திருக்கும் இரவில் கம்பிவழி இணைப்பையோ கைத்தொலைபேசியையோ இரண்டாம் வழியாக வைத்துக்கொண்டால் கொப்பியின் கணக்கு பாதியில் நிற்காது.

தொலைக்காட்சி மேட்டையும் பள்ளத்தையும் தட்டையாக்கிவிடும். ஓகஸ்டாவின் பத்தாம் குழி ஏறக்குறைய முப்பது மீற்றர் கீழிறங்குகிறது. திரையில் அது சாதாரணச் சரிவு போலத்தான் தெரியும். இதை உணர்ந்துகொள்ள, பொரளையில் களனிவெளிப் புகையிரதப் பாதை ஊடறுத்துச் செல்லும் ரோயல் கொழும்பு கோல்ஃப் மைதானத்தில் போட்டி நாளொன்றில் பார்வையாளராக நிற்க வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். தங்கராஜா, பிரபாகரன், மிதுன் பெரேரா போன்ற நம் ஆட்டக்காரர்கள் ஆடும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிரீனின் பின்னால் நின்று, பட் அடிக்கு முன் ஆட்டக்காரர் எந்த இடங்களுக்கெல்லாம் போய்க் குனிந்து பார்க்கிறார், எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறார், கேடியிடம் எப்போது திரும்புகிறார் என்று ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவே அந்தக் கொப்பியுடன் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, நீங்கள் நேரில் கண்டவற்றில் எவற்றை வர்ணனையாளர் கவனித்துச் சொல்கிறார் என்று ஒன்றொன்றாக அடையாளமிடுங்கள்.